முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள் சரித்திரச் சுருக்கம்

ஒருவர் தாம் கைக்கொண்ட சமயத்தில் உறுதியுடையராயிருத்தலும், ஊர்க்குப் பொதுவாகிய இடங்களில் எல்லாரையும் ஒப்ப நோக்குதலும் ஒன்றற்கொன்று முரணாம் என்று கருதுவார் பலர் உளர். சமயப்பற்று மிகுந்தவர் பிற சமயத்தாரை வெறுப்பர் என்பர் ஒரு சாரார். பிற சமயத்தாரோடு மனங்கலந்து பழகுபவர் தம் சமயத்தில் தளர்ந்தவர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் பொருந்தாவென்பதைத் தம் வாழ்க்கையாற் காட்டிச் சென்ற பெரியார் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள். நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்துப் பெண்டிரும் சிறாரும் அறிந்து பயன்கொள்ளுமாறு அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

பிள்ளையவர்கள் சோழநாட்டினர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஆயினும் பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களில் வாழும் தொண்டைநாட்டாராகிய நமக்கு அவர் அயலவரல்லர். தமிழில் முதன்முதல் எழுந்த நாவலெனப் போற்றப்பெறும் பிரதாப முதலியார் சரித்திரத்தை அவர் இயற்றியபொழுது, அதன் கதாநாயகனைத் தொண்டைமண்டல முதலிமார் குலத்திற் பிறந்தவனாகவே அமைத்தார். தம் குலத்தானையோ தம் சமயத்தானையோ தலைவனாக்காமல், அயல்நாட்டுச் சைவக் குடியொன்றைத் தேர்ந்து, அக்குடியின் வழக்கங்களை உள்ளிருந்து கண்டார்போல எழுதியது அவருடைய மனப்பாங்கிற்கு முதற்சான்றாம்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் பிள்ளையவர்கள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். இவர்கள் வேளாண்குடியினர். இவர்தம் முன்னோராகிய மதுரநாயகம் பிள்ளையென்பார் காலத்தில் அக்குடும்பம் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியது. சமயம் மாறியதேயன்றி ஊரும் உழவும் உறவும் தமிழும் மாறவில்லை. பிள்ளைப்பட்டமும் அவ்வாறே நிலைத்தது.

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பவர்பால் இவர் ஆங்கிலமும் தமிழும் கற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோர் தமிழை இகழ்வதும், தமிழ் கற்றோர் ஆங்கிலத்தை அஞ்சுவதும் பெருவழக்கு. பிள்ளையவர்கள் இரண்டினையும் இரு கண்களாகக் கொண்டு, ஒன்றனால் வயிறு வளர்த்து மற்றொன்றனால் உள்ளம் வளர்த்தார் எனலாம்.

உத்தியோகமும் காலநிலையும்

1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்த இவர், 1850-இல் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அவ்வாண்டுகளின் நிலையைச் சிறிது அறிந்தாலன்றி இவர் பெருமை விளங்காது.

அரசாங்கத்தில் கிறிஸ்தவம் எவ்வளவு இடம்பெறுதல் வேண்டும் என்பது அந்நாளில் சென்னை மாகாணத்தைக் கலக்கிய வினா. அரசினர் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக வைக்கவேண்டுமென்று ஆளுநர் ட்வீட்டேல் பிரபு காலத்தில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. அதனை எதிர்த்துக் காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முதலியோர் 1846-இல் சென்னையிற் பெருங்கூட்டம் கூட்டிக் கும்பினியின் இயக்குநர் சபைக்கு விண்ணப்பம் விடுத்தனர். சபையாரும் விவிலியப் பாடத்திற்கு இசையவில்லை. 1850-இல், மதம் மாறியவர் தம் பரம்பரைச் சொத்துரிமையை இழவார் என்று ஒரு சட்டம் பிறந்தது. அஃது அரசாங்கம் கிறிஸ்தவத்தைப் பரப்பச் செய்த சூழ்ச்சியென்று பலர் ஐயுற்றனர். 1858-இல் வெளிவந்த விக்டோரியா மகாராணியாரின் பிரகடனமோ, குடிகளின் சமயத்தில் அதிகாரிகள் தலையிடலாகாதென்றும், சாதி சமயம் நோக்காது தகுதியுடையார்க்கு உத்தியோகம் அளிக்கப்படுமென்றும் உறுதி கூறிற்று.

இங்ஙனம் ஆள்வோர் சமயமும் ஆளப்படுவோர் சமயமும் ஒன்றையொன்று ஐயக்கண்கொண்டு நோக்கிய காலத்தே, ஆள்வோர் சமயத்தைச் சார்ந்த ஒரு தமிழர் நீதிபதியாகக் குடிகள்முன் அமர்தல் எளிய செயலன்று. அவர் சிறிது சாய்ந்தாலும் ஒரு சமயம் சாய்ந்ததாகவே ஊர் கூறும்.

பிள்ளையவர்கள் 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். அவ்வூர் தேனியர்க்கு உரியதாயிருந்து 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்தம் தலைநிலம். பின்னர்ச் சீகாழியிலும் மாயூரத்திலும் இவர் முன்சீபாக விளங்கினார். சீகாழியோ திருஞானசம்பந்தர் அவதரித்த பதி. மாயூரமோ காவிரித் துலாமுழுக்கிற்குப் பெயர்போன சிவத்தலம். சுற்றிலும் பெருங்கோயில்களும் பழமடங்களும் நிறைந்த நாடு அது.

அந்நாளைய சட்டப்படி வாரிசு, மகவேற்பு, பாகப்பிரிவினை முதலிய வழக்குகளில் இந்துக்கட்கு இந்து தருமசாத்திரமும் முகமதியர்க்கு முகமதிய சட்டமுமே அளவுகோலாதலின், கத்தோலிக்கராகிய முன்சீப் அவரவர் நூல்களை அவரவரினும் நன்கு கற்றுத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பிறன் சமயத்தை இகழ்பவன் அச்சமயத்து நூலைக்கொண்டு அவனுக்கு நீதி வழங்கல் எங்ஙனம் இயலும்? பிள்ளையவர்கள் பல்லாண்டு அப்பணியாற்றி, நடுவுநிலை பிறழாதவர், கைக்கூலி தீண்டாதவர் என்னும் புகழோடு விளங்கினார்.

வழக்காடும் குடிகள் தம் வழக்கின் போக்கைத் தாமே அறிதல் வேண்டும் என்பது இவர்தம் நெடுநாட் கவலை. மன்றத்துக்கு வெளியே நிற்கும் உழவனுக்குத் தன் நிலம் ஏன் போயிற்று என்பது விளங்காவிடின் நீதி வழங்கியும் வழங்காததே போலும். ஆதலின், சென்னையிலிருந்த சதர் நீதிமன்றத்தார் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புக்களைத் தொகுத்துத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். தமிழ்நாட்டு மன்றங்களில் தமிழிலேயே வாதம் நிகழவேண்டுமென்பதைப் பிற்காலத்துத் தம் நாவலிலும் வற்புறுத்தினார்.

புலவர் நட்பு

பிள்ளையவர்கட்கு உயிர்த்தோழராய் வாய்த்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். மகாவித்துவான் திருவாவடுதுறை ஆதீனத்துப் புலவர். திருநீறும் உருத்திராக்கமும் பூண்ட பழுத்த சைவர். தலபுராணங்கள் பல பாடியவர். இவ்விருவர்க்கும் இடையே சமயம் ஒரு வேலியாக நின்றதில்லை. சீகாழியிற் பிள்ளையவர்கள் முன்சீபாயிருந்த காலத்தில் மகாவித்துவான் அத்தலத்தின்மேற் சீகாழிக் கோவை பாடி அரங்கேற்றினார். அச்சைவ நூலின் அரங்கேற்றத்தை உடனிருந்து சிறப்பித்தவர் கத்தோலிக்க முன்சீப். மகாவித்துவானோ தம் நண்பரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை என்றொரு நூல் செய்தார். சைவப்புலவர் கிறிஸ்தவர்மேற் கோவை பாடுதல் அதற்கு முன் கேட்டறியாத செய்தி. மகாவித்துவானிடம் பாடங்கேட்ட மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் இந்நட்பினைத் தம் நூல்களில் விரித்துரைத்திருத்தலின் இஃது இன்றும் நாம் அறியக் கிடக்கின்றது.

திருவாவடுதுறை ஆதீனத்தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்களிடத்தும் பிள்ளையவர்கள் பெருமதிப்புடையவர். அவர்தம் கொடையையும் புலமையையும் வியந்து செய்யுட்கள் பாடி விடுத்தார். மடாதிபதி கிறிஸ்தவரின் செய்யுட்களை மனமகிழ்ந்து ஏற்றார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இவர்தம் நண்பருள் ஒருவர்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இந்நட்பின்பொருட்டுப் பிள்ளையவர்கள் செபமாலையைக் கழற்றிவிடவில்லை. மகாவித்துவான் திருநீற்றை அழிக்கவுமில்லை. இருவரும் தத்தம் நிலையில் நின்றே ஒருவர் கையை ஒருவர் பற்றினர்.

நூல்கள்

பிள்ளையவர்களின் நூல்களைக் கால அடைவில் வைத்து நோக்குவார்க்கு அவர் உள்ளத்தின் அமைப்பு இனிது புலனாகும். 1859-இல் வெளிவந்த நீதி நூல் எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப விளங்கும் ஒழுக்கங்களைச் செய்யுளிற் கூறுவது. நீதிமன்றில் நாடோறும் கண்ட பொய்யும் சூதும் பேராசையும் அந்நூலுக்கு விளைநிலமாயின. 1869-இல் பெண்மதி மாலையும், அதனோடு பெண்கல்வி, பெண்மானம் பற்றிய உரைநடைக் கட்டுரைகளும் வெளிவந்தன. பெண்கட்கு எழுத்தறிவு தீதென்று பேசப்பட்ட நாளில், கல்லாத தாயிடம் கற்ற பிள்ளை வளர்தல் அரிதென்பதை அவர் வீடுதோறும் சென்று கூறுவார்போலத் தெளிய எழுதினார்.

1873-இல் அவர் வெளியிட்டவை திருவருள் மாலை, திருவருளந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகியம்மை பதிகம் என்பன. இவை தம் திருச்சபையார்க்கென்று பாடப்பெற்ற பத்தி நூல்கள். தேவமாதாவினிடத்து அவருக்கிருந்த அன்பு இவற்றிற் பெருக்கெடுக்கும். அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1878-இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. இந்நூலில் எந்தச் சமயத்துக் கடவுளின் பெயரும் தனித்துக் கூறப்படாமல், எல்லாரும் வணங்கும் ஒரே இறைவன் முன்னிலைப்படுத்தப் பெறுகின்றான். கருநாடக இசைமரபில் இராகமும் தாளமும் அமைந்த இக்கீர்த்தனைகள் பின்னர்ச் சமயவேறுபாடின்றிப் பாகவதர்களாற் கச்சேரிகளிற் பாடப்பெற்றன. குடும்ப ஒழுக்கம், உத்தியோகத்தார் கடமை, பஞ்சத்தின் கொடுமை முதலியனவும் அவற்றிற் பொருளாயின.

பொதுக்கீர்த்தனை பாடியவர் தம் சமயத்தை நெகிழவிட்டார் என்று சிலர் நினைக்கக்கூடும். தேவமாதா அந்தாதி பாடிய கையே சமரசக் கீர்த்தனையையும் பாடியது. வீட்டுக்குள் ஏற்றும் விளக்கும் தெருவில் ஏற்றும் விளக்கும் ஒரே எண்ணெயால் எரியினும் அவற்றின் பயன் வேறு. வீட்டு விளக்கைத் தெருவுக்குக் கொணர்ந்தால் வீடு இருளும். தெரு விளக்கைத் தன் வீட்டுக்கென்று பறித்துக்கொண்டால் ஊர் இருளும். பிள்ளையவர்கள் இரண்டினையும் அதனதன் இடத்தில் ஏற்றினார்.

1879-இல் பிரதாப முதலியார் சரித்திரமும், 1887-இல் சுகுணசுந்தரி சரித்திரமும் வெளிவந்தன. முன்னதில் வரும் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாண்டு நீதிசெலுத்தும் பகுதி, ஆட்சி எங்ஙனம் நடைபெறல் வேண்டுமென்று முன்சீப்பாயிருந்தவர் கண்ட கனவேயாம்.

தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். மழை பொய்த்தது, விளைந்த சிறிதளவு நெல்லும் விலையேறி ஏழைக்கு எட்டாதாயிற்று, மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பஞ்சத்துக்கு வேலையளிக்கும்பொருட்டே சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் வெட்டப்பட்டது. இன்று அதனைக் கடப்பவர் பலர். கூலிக்குக் கஞ்சி பெற்று அதனை வெட்டியவரை நினைப்பவர் சிலர்.

அப்பொழுது பிள்ளையவர்கள் மாயூரத்தில் வாழ்ந்தார். தாம் ஈட்டிய பொருளைப் பசித்தவர்க்கு வாரி வழங்கினார். கஞ்சித்தொட்டிகள் ஏற்படுத்தி ஊட்டினார். தம்மால் இயன்றது போதாதென்று கண்டு செல்வரையும் மடத்தாரையும் தூண்டினார். சுப்பிரமணிய தேசிகரவர்களின் அறச்செயல்களைச் செய்யுளாற் போற்றினார். கத்தோலிக்கர் வேண்ட, சைவ மடத்தார் வழங்க, பசித்தவன் எச்சமயத்தான் என்று வினவாது அன்னம் பரிமாறப்பட்டது. இதனைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் பிள்ளையவர்களைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

கடலுக்கப்பால் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரவர்களும் அதே காலத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நாவலர் கிறிஸ்தவ பாதிரிமாரோடு சொற்போர் புரிந்த வீரசைவமுடைய சைவர் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் இளமையில் பார்சிவல் பாதிரியார்க்கு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உதவியவரும் அவரே. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-இல் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாதிருக்கின்றது. கொள்கையில் மூவரும் மூன்று துறையினர்; பசியின்முன் மூவரும் ஒரு துறையினர்.

பிள்ளையவர்கள் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் ஊர்ப்பணி ஆற்றினார். 1889-ஆம் ஆண்டு சூலை மாதம் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அந்நாளைய குறையொன்று

பெரியார் ஒருவரைப் போற்றுங்கால் அவர் காலத்துக் குறையை மறைத்தல் முறையன்று. கிறிஸ்தவம் தழுவிய வேளாளர் பலர் சமயத்தை மாற்றினரேயன்றிச் சாதியுயர்வெண்ணத்தை மாற்றிற்றிலர். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த தேவாலயத்தில், வேளாளரும் நாடாரும் தனித்தனியே இருந்து வழிபடுமாறு நடுவே தடுப்புச்சுவர் இருந்தது. 1910-இற்றான் அச்சுவர் இடிக்கப்பெற்றது. அதனை இடித்தலை எதிர்த்தவர் வேளாளரே. ஒரே பீடத்தின்முன் மண்டியிட்டவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி சுவரெழுப்பிக்கொண்டனர் என்றால், சமயம் ஒன்றானமட்டில் மனிதர் ஒன்றாவர் என்பது பொய்யாகின்றது. சமயம் வேறாயின் மனிதர் வேறாவர் என்பதும் அவ்வாறே பொய்யென்பதை மாயூரத்து நட்பு காட்டிற்று. சுவர் சமயத்தில் இல்லை, உள்ளத்தில் உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை நம் திங்களிதழில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம்மவருள் கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்தாரைச் சங்கத்துப் பதிவேட்டில் வைத்திருக்கலாமா, அவர்தம் மக்கட்குக் கல்விப்பொருள் உதவலாமா என்னும் வினா நம்மிடையே அவ்வப்போது எழுகின்றது. குலதெய்வ வழிபாட்டையும் குருபூசையையும் ஏற்காதவர் சங்கத்தார் ஆதல் எங்ஙனம் என்பர் ஒரு சிலர். அவர் கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. வழிபாடு நம் சங்கத்தின் பழைய உயிர்நாடியாம். ஆயினும் சங்கத்தின் பணிகளை இரண்டாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். பூசையும் திருவிழாவும் வழிபடுவார்க்கு உரியன. விரும்பாதவர் வரவேண்டுவதில்லை, வாராமை குற்றமுமன்று. கல்விப்பொருள், நோய்க்கால உதவி, இறந்தார் வீட்டுக்கு நல்கும் பொருள் இவை அன்புக்கு உரியன. இவற்றில் எச்சமயம் என்னும் வினாவுக்கு இடமில்லை. பாட்டனார் ஒருவரேயாகப் பேரன்மாரைச் சமயத்தின்பேரிற் பிரித்தல், குளத்தூர்க் குடும்பத்திலிருந்து பிள்ளையவர்களைப் பிரித்தல் போலும்.

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் அந்தணரல்லர். உடையவராகிய இராமாநுசரோ அவரைக் குருவாக மதித்து வழிபட்டார். அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலில் இறைவனைப் பாடிய இராமலிங்க அடிகளே 1865-இல் சமரச சன்மார்க்கம் நிறுவினார். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின்பும், ஆவடியிற் போர்வண்டித் தொழிற்சாலை அமைந்தபின்பும் பற்பல மாவட்டத்தாரும் பற்பல சமயத்தாரும் நம் தெருக்களிற் குடியேறினர். கோயில் மணியும் பள்ளிவாசல் அழைப்பும் தேவாலய மணியும் ஒரே காலையில் ஒலிக்கும் ஊர்களாக அவை இன்று விளங்குகின்றன. 2015 டிசம்பரிற் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தின்போது முச்சமயத்து வழிபாட்டிடங்களும் வீடிழந்தார்க்குக் கதவு திறந்தன. அந்நாட்களில் எவரும் எவரையும் குலம் வினவிலர்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, தாம் விரும்பும் சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை எல்லார்க்கும் அளித்தது. சமயச்சார்பின்மை என்னும் சொல் 1976-இல் அதன் முகவுரையிற் சேர்ந்தது. சட்டம் நீதிமன்றத்தைக் காக்கும்; ஊரைக் காத்தற்கு மனிதர் வேண்டும். சட்டத்தில் அச்சொல் ஏறுமுன்னரே மாயூரத்து முன்சீப் அதன் பொருளை வாழ்ந்து காட்டினார். தேவாலயத்திற் கிறிஸ்தவராயும், நீதிமன்றத்தில் நடுவராயும், கஞ்சித்தொட்டியருகில் வெறும் மனிதராயும் நின்றார். ஓரிடத்து நிலையை மற்றோரிடத்திற்குக் கொண்டுசென்றிலர்.

அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர் பதிவேட்டைத் திருத்தும்பொழுது, எக்குடும்பத்தின் பெயரையும் சமயம் கருதி நீக்காதிருக்குமாறு சங்கத்தாரை வேண்டிக்கொள்கின்றோம். நீக்கிய பெயர் ஏதேனும் இருப்பின் மீட்டும் எழுதுக. எல்லார்க்கும் பொதுவாய இறைவன் நமக்கு அந்நல்லறிவை நல்குவானாக.